தலைமை ஆசிரியருக்கு நேரமும் அதிகாரமும் கொடுங்கள்

பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்துவிட்டால் ஊர் முதலில் கேட்பது, "எச்.எம். என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?" என்றுதான். திருநெல்வேலிச் சீமையில் சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லை டவுனில் சாஃப்டர் மேல்நிலைப் பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கையில் கட்டிய சாதிக் கயிற்றை வைத்து மூண்ட சண்டை ஒரு பிளஸ் டூ மாணவரின் உயிரைக் குடித்தது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, பிளஸ் ஒன் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த மாணவர் வழியில் வெட்டப்பட்டார். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர் சக மாணவரை அரிவாளால் வெட்ட, தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். தாமிரபரணிக் கரையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால், அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை: எச்.எம். என்கிற அந்தத் தலைமை ஆசிரியரை நாம் என்ன செய்ய வைத்திருந்தோம்? பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கவனிப்பதுதான் அவருடைய முதல் வேலை. அதற்கான நேரத்தையும் அதிகாரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, பொறுப்பை மட்டும் அவர் தலையில் விட்டுவைத்திருக்கிறோம். இந்த முரணைச் சரிசெய்யாமல் வேறு எந்தக் கல்விச் சீர்திருத்தமும் பள்ளிக்குள் முழுதாகப் போய்ச் சேராது என்பதே என் வாதம்.

பள்ளித் தலைவரின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே நூறாண்டு பழைய சான்று இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். புரட்சியாளர், பன்மொழிப் புலவர், தேசியக் கல்வி பற்றிப் பெரிய கனவு கொண்டவர். குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக இரண்டு பிராமண மாணவர்கள் தனியே அமர்ந்து சாப்பிட அவர் இசைந்தார். வெளியிலிருந்து பார்த்தால் சாப்பாட்டுப் பந்தி பற்றிய ஒரு சின்ன ஏற்பாடு. ஆனால் அப்போது காங்கிரசிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தபோது மாகாணமே இரண்டு பட்டது. காந்தி வரைக்கும் விவகாரம் போயிற்று. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே அது பாதித்தது. 1925 ஜூனில் பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்த அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தபோதும் அந்தச் சர்ச்சை அடங்கியிருக்கவில்லை. அவருடைய நாட்டுப்பற்றையோ கல்வி ஆர்வத்தையோ இங்கே யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒரு பள்ளியின் அறம் அதன் கொள்கை அறிக்கையில் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் எந்த பெஞ்சில் உட்காருகிறார்கள், யாரைப் பெருக்கச் சொல்கிறார்கள், உதவித்தொகை வாங்குவோர் பெயரை வகுப்பில் உரக்கப் படிக்கிறார்களா என்பதில் இருக்கிறது. இவற்றையெல்லாம் தினமும் முடிவு செய்பவர் பள்ளித் தலைவர். பெற்றோரின் நெருக்குதல் முதலில் வந்து விழுவதும் அவர் மேஜைமீதுதான்.

பாடம் நடத்துபவர் ஆசிரியர், தலைமை ஆசிரியர் வெறும் நிர்வாகி, அவருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளிசார் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு என்று கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட் குழு 2004-இல் எழுதியது. அமெரிக்காவில் இருபதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜேசன் கிரிசம் குழு, சராசரிக்குக் கீழான ஒரு முதல்வரின் இடத்துக்குச் சராசரிக்கு மேலான ஒருவர் வந்தால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மாதப் பாடத்துக்குச் சமமாகக் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று 2021-இல் மதிப்பிட்டது. நிக்கோலஸ் புளூம் குழு எட்டு நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளின் நிர்வாகத்தை அளந்து பார்த்தது. நிர்வாகம் நன்றாக இருக்கும் பள்ளியில் தேர்ச்சியும் நன்றாக இருந்தது. அந்த எட்டு நாடுகளில் இந்தியாதான் கடைசி. அமெரிக்கக் கணக்கை அப்படியே சேரன்மாதேவிக்கும் முக்கூடலுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. ஒரு நல்ல கணித ஆசிரியர் தன்னிடம் வரும் வகுப்புகளை உயர்த்துகிறார். ஒரு நல்ல தலைமை ஆசிரியர் அந்தக் கணித ஆசிரியர் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறார், புதிதாக வந்த அறிவியல் ஆசிரியையின் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்து கவனித்துத் திருத்துகிறார், இரண்டு ஆசிரியர்களுக்கிடையே பேச்சுவார்த்தை இல்லாததால் பத்தாம் வகுப்புப் பாடம் கெடுவதைத் தடுக்கிறார். அந்தப் பலன் பள்ளியிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

அப்படிப் போய் உட்கார்ந்து கவனிக்க இன்றைய எச்.எம்.முக்கு நேரம் எங்கே இருக்கிறது? காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும் முன்பே எமிஸ் என்ற கல்வித் தகவல் செயலியில் வருகைப் பதிவு ஏறியிருக்க வேண்டும். காலை உணவு எத்தனை பேர், மதிய உணவு எத்தனை பேர் என்ற கணக்கு போக வேண்டும். களஞ்சியம் மென்பொருளில் சம்பளப் பட்டியல், விடுப்பு, வருமான வரி. விலையில்லாப் பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ் பட்டியல்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் பிள்ளையின் சான்றிதழ் வரைக்கும் அது தொடரும் என்பதால் அதைத் தானே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகள் மத்திய அரசின் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் அதைப் பள்ளி சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். கடைசித் தேதியில் சர்வர் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டுப் பணம் போயிற்று. கலைத் திருவிழா, நான் முதல்வன், உயர் தொழில்நுட்ப ஆய்வகம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என ஒவ்வொன்றுக்கும் புகைப்படமும் அறிக்கையும். நடுவில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து உடனடித் தகவல் கேட்டு வாட்ஸ்அப், வாரம் ஒரு மீட்டிங். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் பணியிடமே கிடையாது. ஈராசிரியர் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பாடமும் நடத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்வி சாரா வேலைகளை ஆசிரியருக்குத் தரக் கூடாது என்கிறது. ஆனால் கல்வியின் பெயராலேயே வரும் எழுத்து வேலைக்கு அந்தச் சட்டத்தில் கடிவாளம் இல்லை.

இந்தத் திட்டங்களை நான் குறைசொல்லவில்லை. 2022-இல் தொடங்கி 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், அதிகாலையில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் உட்காருவதை நிறுத்தியிருக்கிறது. தகவல் திரட்டாமல் இத்தகைய திட்டத்தை நடத்தவே முடியாது. எந்தப் பிள்ளை இடைநின்றது என்று எமிஸ் காட்டிக்கொடுத்ததால் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளும் உண்டு. ஆகவே, "பொறுப்புணர்வுக்குக் கணக்கு வேண்டாமா?" என்ற அதிகாரிகளின் கேள்வி நியாயமானது. என் பதில் இரண்டு. ஒன்று, கணக்கு வேண்டும். அதைத் தலைமை ஆசிரியர்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டு, காகிதத்தில் நிறைவான பள்ளி வகுப்பறையில் நிறைவான பள்ளி ஆகிவிடுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, அதிகாரிகள் வந்து தொடர்ந்து பார்க்கும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் முறையாக நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் ஆசிரியர் வருகையிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் இல்லை. காகித வேலை முடிந்ததையே மேலிடம் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டது. பள்ளியும் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அதிகாரிகள் ஒவ்வொரு புதுப் படிவத்தையும் அனுப்பும் முன் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டிய முடிவு இது.

நேரம் இல்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்குநேரியை நெருங்கிப் பார்த்தால் புரியும். உடன் படித்த சிலரின் தொந்தரவு தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது, புகாரும் போயிற்று. அதன் பிறகே, அன்றிரவு, தாக்குதல். இதில் யார் மீதும் பழி போடுவது என் நோக்கம் அல்ல. ஒரு பிள்ளை வராமல் இருப்பதைக் கவனித்துக் கூப்பிட்டுக் கேட்டதே எத்தனையோ பள்ளிகளில் நடக்காத நல்ல காரியம். ஆனால் புகார் வாங்கிய கணத்தில் தொடங்குவது தனியான ஒரு வேலை. புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகாமல் எப்படிக் காப்பது? குற்றம் சாட்டப்பட்டவர்களை எந்த நேரத்தில், யார் முன்னிலையில், எந்த வரிசையில் விசாரிப்பது? அன்று மாலை அந்தப் பிள்ளை எந்தப் பேருந்தில், யாரோடு வீடு திரும்புவார்? காவல் நிலையத்துக்கு எப்போது சொல்வது, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எப்போது சொல்வது? மறுநாள் காலை வகுப்பை எப்படித் திறப்பது? இதையெல்லாம் ஒருவர் பிறக்கும்போதே கற்றுவருவதில்லை. முதுகலை இயற்பியல் ஆசிரியராக இருபது ஆண்டு சிறப்பாகப் பாடம் நடத்தியவர், பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த மறுநாளே எச்.எம். நாற்காலியில் உட்காருகிறார். பயிற்சி என்று வருவது பெரும்பாலும் திட்டங்களையும் செயலிகளையும் விளக்கும் கூட்டம்தான். சாதிச் சண்டை நிழலாடும் பள்ளியில் ஒரு புகாரை எப்படிக் கையாள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தெரியாத வேலையைக் கொடுத்துவிட்டு, அது தவறினால் தண்டிப்பது எந்த வகையில் நியாயம்?

அதிகாரத்தின் கதை இன்னும் சிக்கலானது. சாஃப்டர் பள்ளி விபத்துக்குப் பிறகு தாளாளரும் ஒப்பந்ததாரரும் மட்டுமின்றித் தலைமை ஆசிரியையும் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கில் யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. பறிபோன மூன்று உயிர்களுக்கும் பதில் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் பொதுவாக நம் பள்ளிகளில் கட்டடம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உதவிபெறும் பள்ளியில் நிர்வாகத்தின் கையில். அரசு மேல்நிலைப் பள்ளியில் பொதுப்பணித் துறையின் கையில். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றிய அலுவலகத்தின் கையில். தலைமை ஆசிரியர் கையில் இருப்பது கடிதம் எழுதும் பேனா ஒன்றுதான். ஒருங்கிணைந்த பள்ளி மானியமாக ஆண்டுக்கு வருவது நூறு பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் படிக்கும் பள்ளிக்கும் ஒரு லட்சம்தான். மின்கட்டணமும் சுண்ணாம்பும் கதவுத் தாழ்ப்பாளும் போக அதில் எந்தச் சுவரை இடித்துக் கட்ட முடியும்? கயிறு விவகாரமும் அப்படித்தான். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கும்படி 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய கல்வி அமைச்சர் அது தமது கவனத்துக்கு வராமல் வெளியானது என்று விலகிக்கொண்டார். சுற்றறிக்கையை நம்பி அந்த வாரம் ஒரு மாணவனின் கையிலிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்ன தலைமை ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரில் வலுத்த ஆட்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கும்போது, பின்னால் அரசு இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த எச்.எம்.மும் அடுத்த முறை கயிற்றைப் பார்த்தும் பார்க்காதவர்போலக் கடந்துபோகத்தான் செய்வார்.

இதனால்தான் இந்தப் பதவியின் மீது நல்ல ஆசிரியர்களுக்கே விருப்பம் குறைகிறது. பணிமூப்புப் பட்டியல் நகர்ந்து நகர்ந்து ஒருவர் தலைமை ஆசிரியராகும்போது பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்திருப்பார். சம்பளத்தில் கூடுவது சொற்பம். ஊர் மாற வேண்டியிருக்கும். தலைவலி பல மடங்கு. பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. பணிமூப்பு வழக்குகளும் ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கும் சேர்ந்து பதவி உயர்வுகளை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குப் பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தீர்ப்பளித்த பிறகு தொடக்கக் கல்வித் துறையில் சிக்கல் மேலும் இறுகியிருக்கிறது. ஆசிரியரின் தகுதியை உறுதி செய்ய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழக்கு முடியும் வரை பள்ளி காத்திருக்க முடியாது. இருக்கும் ஆசிரியர்களில் மூத்தவரைப் 'பொறுப்பு எச்.எம்.' ஆக்கிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். தன் பாடவேளைகளை நடத்திக்கொண்டே அலுவலகத்தையும் பார்க்கும் அவர், நாளை சக ஆசிரியராகத் திரும்ப வேண்டியவர். யாரையும் கண்டித்துப் பேசவோ, மூன்றாண்டுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கவோ அவருக்குத் தெம்பு வராது. பள்ளியின் பண்பு ஒரு தேர்வு முடிவில் மாறிவிடுவதில்லை. ஒரே தலைவர் குறைந்தது நான்கைந்து ஆண்டு நின்று, முதலாண்டு ஆறாம் வகுப்பில் சேர்த்த பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்தால்தான் அந்தப் பள்ளியில் அவர் கை பட்ட தடம் தெரியும்.

இத்தனை சுமை இருந்தும் இந்தப் பதவியை விரும்பி ஏற்று, அதிலேயே வாழ்நாள் நிறைவைக் கண்டவர்கள் இந்த வட்டாரத்தில் என்றும் இருந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்று நம்பியவர்களே அரிது. இன்றும் அந்தப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தென்னாட்டின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பாளையங்கோட்டை பெயர் வாங்கியதும், பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியை நெல்லைக்காரர்கள் பெருமையோடு சொல்வதும் கட்டடங்களால் வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளைக் கட்டிக்காத்த மனிதர்களால் வந்தது. இந்தப் பதவியின் ஊதியம் வேறு எங்கோ இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பீடித் தட்டின் முன் உட்காரவிருந்த ஒரு பெண் பிள்ளையின் தாயை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசி, பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்ட எச்.எம்.முக்கு, நான்காண்டு கழித்து அவள் பட்டதாரியாக வந்து நிற்கும்போது கிடைக்கும் நிறைவு வேறு எந்த உத்தியோகத்திலும் கிடைக்காது. நாங்குநேரியில் வெட்டுப்பட்ட அந்த மாணவர் காயத்திலிருந்து மீண்டு, அதே கல்வியாண்டில் பிளஸ் டூ தேர்வெழுதி 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார். அது முதலில் அவருடைய மன உறுதியின் வெற்றி. ஒடிந்துபோன பிள்ளை எழுந்து நிற்கப் பள்ளி இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி. அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான் தலைமை ஆசிரியர் வேலையின் சுகம். கணினித் திரை முன்னாலேயே பொழுது போய்விடுகிறவருக்கு அந்தச் சுகம் கிட்டுவதில்லை. வேலையின் சுமையை மட்டுமே அவர் காண்கிறார்.

அதிகாரத்தைக் கூட்டச் சொல்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தலைமை ஆசிரியரும் இதே சமூகத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். சாதி உணர்வு அவரிடமும் இருக்கலாம். கூடுதல் அதிகாரம் பெற்ற ஒருவர் அதை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எதிராகத் திருப்பினால் என்ன செய்வது? இது கற்பனை அச்சம் அல்ல. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களையும் ஆசிரியர்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்ய வேண்டும் என்றும், ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. முதல் பரிந்துரையை நான் ஏற்கிறேன். வரையறுத்த பணிக்காலமும் அது முடிந்ததும் இடமாற்றமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஐந்தாண்டு உறுதியாக இருப்பார், ஆறாம் ஆண்டு இருக்க மாட்டார் என்று இரண்டையும் சேர்த்தே விதியாக்கலாம். இரண்டாவது பரிந்துரையின் கவலை உண்மையானது. ஆனால் ஒவ்வொரு தலைமை ஆசிரியரையும் அவர் சாதியை வைத்தே ஊர் எடைபோடும் பழக்கத்தை அது மேலும் வளர்த்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அதைவிட, இருக்கை வரிசை அகர வரிசையில் இருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என அதே அறிக்கை சொல்லும் நடைமுறைகளைத் தலைமை ஆசிரியரின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாய விதியாக்குவதும், மீறினால் மாணவர் நேரடியாக வெளியே புகார் சொல்ல வழி திறப்பதும் உறுதியான காப்பு. தண்டிக்கும் அதிகாரத்தைக் கூட்டச் சொல்லவில்லை நான். பிரம்பு போனது நல்லதே. ஆபத்தான கட்டடத்தைப் பூட்டும் அதிகாரம், சிறு பழுதைக் கேட்காமல் சரிசெய்யும் அதிகாரம், ஒரு மாணவனின் பாதுகாப்புக்காகக் காவல் துறையையும் போக்குவரத்துக் கழகத்தையும் அழைத்துப் பேசும் அதிகாரம் ஆகியவற்றையே கேட்கிறேன்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் இதமாக வரும். எந்த வசதியும் இல்லாமல் சாதித்த தலைமை ஆசிரியர்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோமே, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு அல்லவா என்பார்கள். அவர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் சொந்தப் பணத்தைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்து, உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டு ஒருவர் நடத்தும் பள்ளி, அவர் ஓய்வு பெற்ற ஜூன் மாதமே பழைய நிலைக்குத் திரும்புவதையும் பார்க்கிறோம். தியாகிகள் கிடைக்கும் ஊருக்கு மட்டும் நல்ல பள்ளி என்பது ஓர் அரசின் கொள்கையாக இருக்க முடியாது. நேர்மையும் சராசரித் திறமையும் உள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் நன்றாக நடக்கும்படி பதவியை அமைப்பதே அரசின் வேலை. பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட நிதியை நிறுத்திவைத்ததால் மாநிலம் பட்ட நெருக்கடியை நான் மறக்கவில்லை. ஆயினும் ஒரு தலைமை ஆசிரியரின் சம்பளத்தில் அரசு வாங்குவது முப்பதாண்டு அனுபவம். அந்த அனுபவத்தைத் தரவு ஏற்றும் வேலையில் செலவழிப்பதுதான் உண்மையான வீண்செலவு. அந்த வேலைக்கு அதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஓர் இளநிலை உதவியாளர் போதும்; நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் என்றாலும் போதும்.

ஆகவே, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால், ஜூன் முதல் நாளில் எந்தப் பள்ளியும் பொறுப்பு எச்.எம்.மோடு திறக்கக் கூடாது. புதிதாகப் பதவியேற்பவருக்குக் குறைந்தது ஒரு மாதம், அனுபவமுள்ள ஒரு தலைமை ஆசிரியரின் பள்ளியிலேயே உடனிருந்து கற்கும் பயிற்சி வேண்டும்; புகார் கையாள்வதும் சாதி மோதலைத் தணிப்பதும் அதன் மையமாக இருக்க வேண்டும். 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு நல அலுவலர் என்ற சந்துரு குழுவின் பரிந்துரையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் முதலில் முழுமையாக நிறைவேற்ற வேண்டும். காயம் அதிகமுள்ள இடத்தில்தான் மருந்து முதலில் தேவை. பள்ளி நேரத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில் எந்த அலுவலகமும் தலைமை ஆசிரியரிடம் தகவல் கேட்கக் கூடாது என்று ஓர் ஆணை போடுவதற்குச் செலவே இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் அவர் வகுப்பறைகளிலும் வராந்தாவிலும் இருக்கட்டும். இவ்வளவும் கொடுத்த பிறகு கண்டிப்பாகக் கணக்குக் கேட்போம். எத்தனை வகுப்புகளைப் பார்த்தீர்கள், எத்தனை பிள்ளைகள் இடைநின்றார்கள், வந்த புகார்களை என்ன செய்தீர்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்கட்டும். நேரமும் அதிகாரமும் பெற்ற தலைமை ஆசிரியர் அந்தக் கேள்விகளுக்கு அஞ்ச மாட்டார்; பதில் சொல்ல முடியாதவர் அந்த நாற்காலியில் நீடிக்கவும் கூடாது. பெற்றோராகிய நாமும் சாதியைக் கொண்டுபோய் அந்த மேஜைமீது வைக்காமல் இருக்க வேண்டும். அரசு தன் பங்கைச் செய்தாலும் இந்தப் பங்கை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது.